பாதி மைதானம்

டிசம்பரின் முதல் கடுங்குளிர் விழுந்த காலையில் தண்ணீர்க் குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நடுக்கோட்டில் என் மனைவி ஜின்ட்ரா பனி அள்ளும் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் பயிற்சி கொடுக்கும் கால்பந்து அணிப் பெண்கள், கம்பளித் தொப்பியோடு. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

எங்கள் எல்லையூர் வால்காவில் வருடா வருடம் நடப்பதுதான். குளிர் பிடித்ததும் கால்பந்து மைதானத்தில் தண்ணீரைப் பாய்ச்சி உறைய விடுவோம். மார்ச் வரை அது ஐஸ் ஹாக்கித் திடல். பாய்ச்சுகிறவன் நான். நகராட்சி வேலைதான், ஆனால் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி ஓடி ஓடிச் செய்வேன். ஊரே ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு இறங்கும். கால்பந்து என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. தெருவைத் தாண்டினால் எஸ்டோனியா. ஊர் ஒன்றுதான், நாடு இரண்டு. அந்தப் பக்கம் செயற்கைப் புல், விளக்குகள், பனியைத் தள்ள ஒரு டிராக்டர். குளிர்காலம் முழுக்க அவர்கள் பந்தை உதைக்கும் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். ஜின்ட்ரா சூப் கிளறுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தச் சத்தம் அவளுடைய பெண்களை ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கத்து அணிக்கு இழுத்துக்கொண்டது. இப்போது மதாராவின் முறை. அவள்தான் கோல்கீப்பர். அவளும் போய்விட்டால் வசந்தத்தில் லீகுக்குப் பெயர் கொடுக்க அணியே மிஞ்சாது. போன வாரம் எஸ்டோனியப் பயிற்சியாளர் ஊர்மாஸ், எல்லாரையும்போல மலிவு பீர் வாங்க எங்கள் பக்கம் வந்தவர், கடை வாசலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அந்தப் பொண்ண எங்கிட்ட விட்டுடு, ஜின்ட்ரா. உங்க நாடு ஒரே ஒரு தடவ ஐரோப்பியக் கோப்பைக்குப் போச்சு. அந்தப் பெருமையிலயே இருபது வருஷமா வண்டி ஓடுது. நாங்க போகல, அதனால மைதானம் போட்டோம்."

"போட்டு? இன்னும் போன பாட்டக் காணோமே!"

"போவோம். எங்க புள்ளைங்க ஜனவரியிலயும் பந்து உதைக்குது. உன் புள்ளைங்க? உன் புருஷன் போட்ட ஐஸ்ல வழுக்குதுங்க."

பீர்ப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீடு வரும்வரை ஜின்ட்ரா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது, மனிதர் சொன்னதில் பொய் இல்லையே.

இப்போது அவள் மண்வெட்டியால் நடுக்கோட்டைக் காட்டினாள். அதன் நீளத்துக்கும் முழங்கால் உயரத்தில் பனியைக் குவித்துக் கரை கட்டியிருந்தார்கள்.

"அந்தப் பாதி உனக்கு. இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரக் கூடாது."

"தண்ணிகிட்டப் போய்ச் சொல்லு. அரைத் திடல்ல எவன் ஹாக்கி ஆடுவான்? நகராட்சியில என்னை உரிச்சுருவாங்க."

"நேத்தே அவங்ககிட்ட சண்ட போட்டாச்சு. கர நின்னா பாதி எங்களுக்கு, பந்து உதைக்க. நிக்கலன்னா வழக்கம்போல முழுசும் ஐஸ்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லியிருந்தா நேத்தே தண்ணி விட்டுருப்ப."

விட்டிருப்பேன்தான். கரையைக் காலால் தட்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த அழகில் நகராட்சியோடு பந்தயம் வேறு! கோபம் வந்தது, அதைவிட அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குழாயை லேசாகத் திறந்து கரைமேல் தெளித்தேன். "நிக்காதீங்க, மிதிங்க!" என்று கத்தினேன். பெண்கள் ஏறி மிதித்தார்கள். கரை இறுகி, கண்ணாடிபோல மின்னத் தொடங்கியது.

பிறகு என் பாதிக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் சரசரவென்று ஓடிக் கரையில் முட்டியது. நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் ஓரிடத்தில் கரை கறுத்து ஊறி வாய் பிளந்தது. நான் குழாயடிக்கு ஓடினேன்.

மூடிவிட்டுத் திரும்பினால், வேலியோரம் மதாரா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. ஊர்மாஸ் அணியின் நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். ஜின்ட்ராவும் பார்த்துவிட்டாள். தேங்கிய தண்ணீர் பிளவு வழியாக இந்தப் பக்கம் விரலளவு வழிந்துகொண்டிருந்தது.

மதாரா ஓடிவந்தாள். கோலுக்குள் போகும் பந்துக்குப் பாய்வதுபோலப் பக்கவாட்டில் விழுந்து, உடைப்புக்குக் குறுக்கே நீட்டிப் படுத்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? பனியக் கொண்டாங்கடி!"

ஜின்ட்ராதான் முதலில் அள்ளிப் போட்டாள். அடுத்து பெண்கள், பிறகு நானும். மதாரா பல் கிடுகிடுக்க அசையாமல் கிடந்தாள். அவள் முதுகைச் சுற்றி அணைகட்டிய பனியில் அந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது.