ரஹ்மத் அக்கா வாங்கி வைத்த பெட்டி

இளங்குமரன் வைன் கிளப்பில் சேர்ந்தது குடிப்பதற்காக அல்ல. குடிப்பதற்காகச் சேர்ந்திருந்தால் இத்தனை வில்லங்கம் வந்திருக்காது.

பிளசன்டனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவனுக்கு வேலை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வசந்தத்தில் அவனுடைய மேனேஜர் டக், டீம் முழுவதையும் பக்கத்து ஊரான லிவர்மோருக்கு, ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு, அழைத்துப் போனார். வெயில் இதமாக இருந்தது. எல்லோரும் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றி மோந்து பார்த்தார்கள். இவனும் சுழற்றினான். சட்டையில் சிந்திக்கொண்டான். கடைசியில் மேசைக்குப் பின்னால் நின்ற பெண், கிளப்பில் சேர்ந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி வீட்டுக்கே வரும் என்றாள். டக் கையெழுத்துப் போட்டார், அடுத்தவர் போட்டார், அதற்கடுத்தவர் போட்டார். டக்தான் அவனுடைய கிரீன் கார்டு மனுவில் கையெழுத்திட வேண்டியவர். அந்தக் கையிலிருந்து பேனா தன் கைக்கு வந்தபோது மாட்டேன் என்று சொல்லும் துணிவு நம் ஆளுக்கு இல்லை. போட்டுவிட்டான்.

போட்டதோடு விட்டானா? அன்றிரவே கற்பனை தொடங்கிவிட்டது. கிளப்பில் இருப்பவனுக்கு வைன் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், டக் ஒருநாள் கேள்வி கேட்பார் என்று நினைத்து நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, மறைத்து வைத்துப் படித்தான். அதைவிடப் பெரிய கற்பனை, இனி இதிலிருந்து வெளியே வரவே முடியாது என்பது. அவன் அம்மா யாழ்ப்பாணத்தில் சீட்டுப் பிடித்தவள். சீட்டில் ஒருவரைச் சேர்த்துவிட்டவர்தான் அவருக்குப் பொறுப்பு. சேர்ந்தவர் நடுவில் கழன்றுகொண்டால் சேர்த்துவிட்டவரின் மானம் போகும். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டத்தில் நட்டுவிட்டான் இவன். தான் விலகினால் டக்கின் பேர் கெடும், டக்கின் முகம் மாறும், கிரீன் கார்டு போய்விடும். இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே.

பெட்டி வீட்டுக்கு வரவும் வழியில்லை. அவன் மனைவி லக்ஷிகாவின் அண்ணன் கொழும்பில் குடித்தே போய்ச் சேர்ந்தவன். இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பார்த்துத்தான் அவள் வீட்டுக்குள் விடுவாள். ஆகவே இளங்குமரன் ரஹ்மத் அக்காவின் முகவரியைக் கொடுத்தான்.

ரஹ்மத் அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தார். கீழக்கரைக்காரர். கணவர் நூர் முகம்மதுவுக்கு சான் ஹோசேயில் வேலை. அக்கா வீட்டிலேயே டேகேர் நடத்தினார். இளங்குமரனின் மகள் விதுஷா அங்கேதான் வளர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்த நாட்களில் மற்ற டேகேர்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பும். அக்கா மடியில் போட்டுக்கொள்வார்.

முதல் பெட்டி வந்த அன்று, "என்ன தம்பி, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டார்.

"ஒலிவ் எண்ணெய் அக்கா. ஒஃபிஸ் மூலமா வருது."

"வயசுல பெரியவங்கதான் கையெழுத்துப் போடணுமாமே? அந்த டிரைவர் ஐடி எல்லாம் கேட்டான்."

"கண்ணாடிப் போத்தல்தானே, உடைஞ்சா கரைச்சல் எண்டுதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அக்காவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். பெட்டியில் ஒட்டியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. தம்பி சொன்ன பிறகு வாசிக்க என்ன இருக்கிறது? வெயில் படாத இடமாக, தொழுகை விரிப்பும் குர்ஆனும் இருக்கும் சின்ன அறையில் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். இளங்குமரன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அடுத்த பெட்டிக்குள் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தான். அடுத்த பெட்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றையும் காரில் ஏற்றி, ஆபீஸில் யார் யாருக்கோ கொடுத்துத் தொலைத்தான்.

டிசம்பரில் நோன்பு வந்தது. அதே மாதம் ஆபீஸில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பூதம் ஆடிக்கொண்டிருந்தது. சனி ஞாயிறும் வேலை. லக்ஷிகாவுக்கு லாபில் வார இறுதி ஷிஃப்ட். சனிக்கிழமை டேகேர் கிடையாது என்றாலும் அக்கா விதுஷாவை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த மாதம் வந்த பெட்டியை எடுத்துப் போக இவனுக்கு நேரமே வாய்க்கவில்லை. நேரம் என்பதும் சாக்குத்தான். அந்த அறை வாசலில் நிற்கவே அவனுக்குக் கூசியது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்றார் ரஹ்மத் அக்கா. "இன்னைக்கு சான் ஹோசே ஹால்ல நோன்பு திறக்குறாங்கள்ல, கஞ்சி நம்ம வீட்டுலதான். வெங்காயம் வதக்கையில எண்ணெ தீந்துபோச்சு. இவுக வேனை எடுத்துட்டு வெளிய போயிட்டாக. அண்டா அடிபிடிக்கிது. உங்களுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன், நீங்க எடுக்கல. சரி, நம்ம தம்பி எண்ணெதானேன்னு பெட்டியத் தொறந்து ஒரு பாட்டில் எடுத்துட்டேன். திங்கக்கிழமை வாங்கி வச்சிருவேன்."

இளங்குமரன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தக்கைய உள்ளாற தள்ளி ஊத்துனேன். மஞ்சளாத்தான் இருக்கு, ஆனா சொய்யுன்னு பொங்குது, புளிச்ச வாடை அடிக்கிது. கெட்டுப்போன எண்ணெயா தம்பி? அதுக்குள்ள அரிசி, கறி எல்லாம் போட்டுட்டேன். நோன்பு, வாயில வச்சுப் பாக்கவும் முடியாது. பச்சப் புள்ளைங்கல்லாம் குடிக்கும். ஒண்ணும் செய்யாதே?"

இப்போது சொல்லிவிட வேண்டியதுதானே? அவன் வாய் திறந்தது. வெளியே வந்த வார்த்தை வேறு.

"ஒண்டும் செய்யாது அக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு" என்று சிரித்துவிட்டு அக்கா போனை வைத்தார்.

அவன் உட்கார்ந்திருந்தான். நன்றாகக் கொதித்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிப் பார்த்தான். யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியாது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத சனங்கள், இவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அந்தக் கஞ்சியால் நோன்பு திறப்பார்கள். குழந்தைகள் குடிப்பார்கள். அக்கா தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். சீ, நானும் ஒரு மனிசனா என்று எழுந்தான். திரும்பப் போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கார்ச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

நடையில் டக் எதிர்ப்பட்டார். என்ன அவசரம் என்று கேட்டார். அந்தப் பதற்றத்தில் வாய் தவறி, வைன் கிளப் பெட்டியால் பக்கத்து வீட்டில் பெரிய பிரச்சினை என்று உளறிவிட்டான். டக்குக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

அட, அதிலா இன்னும் இருக்கிறாய் என்று சிரித்தார் டக். முதல் பெட்டியோடு அவர் விலகிவிட்டாராம். தலைவலி வந்ததாம். போன் பண்ணி வேண்டாம் என்றால் சரி என்பார்கள், அவ்வளவுதானாம். நீ அதில் சேர்ந்தாய் என்பதே எனக்கு ஞாபகமில்லையே என்றார்.

இளங்குமரன் காரை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு போன். அவ்வளவுதான். அதைச் செய்யாமல்தான் இத்தனை மாதம் அந்த மனுஷியைக் கையெழுத்துப் போடவைத்தான்.

அக்கா வீட்டு வாசலில் வேன் பின்கதவு திறந்திருந்தது. நூர் முகம்மதுவும் அக்காவும் துணி சுற்றிய அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். விதுஷா படியில் உட்கார்ந்து பேரீச்சம்பழப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்த வேண்டாம்" என்று கத்தினான். "இறக்குங்கோ அக்கா. அது எண்ணெய் இல்லை. வைன்."

அண்டாவைத் தரையில் வைத்தார்கள். அவன் சொல்லத் தொடங்கினான். டக், சீட்டு, கிரீன் கார்டு, லக்ஷிகாவின் அண்ணன், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினான். சொல்லச் சொல்ல, சொல்வதெல்லாம் அவன் காதுக்கே அற்பமாகக் கேட்டது. நூர் முகம்மது முகம் சிவந்து ஏதோ சொல்ல வந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பழத்தையும் தண்ணியையும் ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. நேரமாச்சு. கஞ்சி அடிபிடிச்சுப் போச்சுன்னு சொல்லிருங்க" என்றார் கணவரிடம். "தம்பி பேர எடுக்காதீங்க."

வேன் போனது. அக்கா அண்டாவை இழுத்தார். பிடிக்க வந்த இளங்குமரனை அவர் பார்க்கவே இல்லை. தானே இழுத்துக்கொண்டு போய், தோட்டத்து மூலையில் சாய்த்து ஊற்றினார். கறியும் அரிசியும் ஆவி பறக்க மண்ணில் பரவின. விடியற்காலையிலிருந்து நின்று செய்த வேலை.

"Why is aunty throwing it?" என்று கேட்டாள் விதுஷா.

அக்கா குழாயைத் திறந்து அண்டாவைக் கழுவினார். மறுபடி கழுவினார். பிறகு தலைமுக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. பயத்திலதான்..."

"தெரியுது தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மேனேஜருக்குப் பயந்தீங்க. பொண்டாட்டிக்குப் பயந்தீங்க. என்னைய மட்டும் ஏமாத்துனா என்ன ஆயிரும்னு ஒரு பயமும் வரலையே."

அக்கா உள்ளே போய் விதுஷாவின் பையையும் ஸ்வெட்டரையும் எடுத்து வந்தார். குனிந்து பிள்ளைக்குப் பட்டன் போட்டுவிட்டார். வழக்கம்போல நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"திங்கக்கிழமை புள்ளையக் கொண்டாங்க. அவ என்ன செஞ்சா?" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.