ஞாயிற்றுக்கிழமை வலி

ராஜமாணிக்கத்துக்கு அந்த வலி முதல் தடவை வந்தது 2008 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் வெண்மதி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நாலு மணி வாக்கில் வலது விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணியை முறுக்குவதுபோல் பிடித்தது. வலி முதுகுப் பக்கம் போய்த் தோள்பட்டையில் நின்றது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஏழு மணிக்கு அது தானாகவே விட்டுவிட்டது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார்.

அடுத்த ஞாயிறு இறால் வறுவல். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி கறி. இரண்டு நாளும் அதே வலி, கிட்டத்தட்ட அதே நேரத்தில். இடைப்பட்ட நாட்களில் ஒன்றுமே இல்லை.

அங்கேதான் அவருக்கு உறைத்தது. வார நாட்களில் அவர் தன் கையால் சோறு வடித்து ரசம் வைத்துச் சாப்பிடுகிறவர். மனைவி புஷ்பவள்ளி இறந்த ஆறு வருடமாக அதுதான் வழக்கம். மகன் அன்பரசுவும் வெண்மதியும் விடிந்ததும் கடலூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஞாயிறு மட்டும்தான் அடுப்பு மருமகள் கைக்கு வரும்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் எடைமேடையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். கரும்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிற வண்டியையும், கட்டுக்குள் மண்ணை வைத்துக் கட்டியிருக்கிற வண்டியையும் வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவார். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர். வேலை முடிந்த பிறகும் அந்தப் பார்வை போகவில்லை.

வெண்மதி கடலூர் முதுநகர் லூர்துசாமியின் மகள். காதல் கல்யாணம். ராஜமாணிக்கம் கோயிலிலும் சரி, விருந்திலும் சரி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு வந்தவர். ஒன்றரை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் "சரி", "வேணாம்" என்பதைத் தாண்டி அவளிடம் அவர் அதிகம் பேசியதில்லை.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது ராஜமாணிக்கம் அவள் கைப்பையைத் திறந்து பார்த்தார். மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் நாலு. ஒரு காகிதப் பொட்டலத்தில் பழுப்பாக ஏதோ பொடி. மோந்து பார்த்தார். சோம்பும் பட்டையும் வாசம் அடித்தது. ஆனால் அதற்கடியில் வேறு ஏதோ இருப்பதாக அவர் மூக்குக்குத் தோன்றியது.

அடுத்த தெருவில் இருந்த அக்கா தைலம்மாளிடம் போய்ச் சொன்னார்.

"இடுமருந்துடா தம்பி," என்றாள் தைலம்மாள், ஒரு நொடி கூட யோசிக்காமல். "சோத்துல கலந்து வச்சா வயித்துல ஒட்டிக்கும். வருசக்கணக்கா அங்கயே கெடந்து ஆள உருக்கிடும். நீ போய்ட்டா வீடு அவுங்களுக்குத்தான?"

"நாய்க்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன்க்கா. அது நல்லாத்தான் வால ஆட்டிக்கினு போச்சி."

"நாய்க்கு எப்பிடிப் புடிக்கும்? ஆளு பேரச் சொல்லி இல்ல வப்பாங்க."



பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இடுமருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அக்காவும் தம்பியும் பஸ்ஸில் போய்த் திருவதிகையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனார்கள். அந்த ஆள் ராஜமாணிக்கத்தைப் படுக்கவைத்துத் தொப்புளுக்கு மேலே பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். பிறகு வெற்றிலையில் துப்பினார். சுண்டுவிரல் நுனியளவு கறுப்பாக ஓர் உருண்டை. அதில் முடி இரண்டு சுற்றியிருந்தது.

"ரெண்டு வருசத்து மருந்து. வீட்டுப் பொம்பள கைதான்," என்றார். "நாப்பது நாளு பத்தியம். எண்ண ஆவாது, கறி ஆவாது. மோரும் கஞ்சியும்தான்."

நாற்பது நாளும் ஒருமுறைகூட வலி வரவில்லை. ராஜமாணிக்கத்துக்கு இனி சாட்சியே தேவைப்படவில்லை. பத்தியம் முடிந்த பிறகும் வெண்மதி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தன் அரிசியைத் தனி டப்பாவில் போட்டுத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

பூட்டைப் பார்த்துவிட்டு அன்பரசு கேட்டான். "என்னப்பா இது?"

"எலி வருது."

வெண்மதி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பூட்டையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த மாதக் கடைசியில் அன்பரசு கடலூரில் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினான்.

ஆவணியில் தைலம்மாள் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து ராஜமாணிக்கம் கறிச்சோறு சாப்பிட்டார். கூடப்பிறந்தவள் வீட்டுச் சோறு. மூன்று மாதமாக நாக்குச் செத்துக் கிடந்ததால் கொழுப்புத் துண்டாகப் பார்த்து இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் வலி வந்தது. இந்தத் தடவை அது விடவில்லை. மறுநாளும் விட்டு விட்டு வலித்தது. மூன்றாம் நாள் குளிர்க் காய்ச்சல். கண்ணாடியில் பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனது. உடம்பெல்லாம் அரித்தது.

தைலம்மாள் சுக்குக் கஷாயத்தோடு ஓடிவந்தாள். டம்ளரை வாங்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டு மனைக்கு இன்னொரு பங்காளி யார் என்று யோசனை போனது. அப்பா வைத்துவிட்டுப் போனதில் அவளுக்கும் பங்கு உண்டு என்று பேச்சு இருந்தது.

"குடிடா, சூடு ஆறுது."

"அங்க வையி. அப்புறம் குடிக்கிறேன்."

அவள் போனதும் கஷாயத்தை வாழை மரத்தடியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் இனி யார் கையால் சாப்பிடுவது என்று தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

வெண்மதி வேலைக்குக் கிளம்பியவள் அவரை அப்படிப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, வெளிக்கு என்ன கலர்ல போவுது?"

"என்ன கேள்வி இது? மாமனார்கிட்ட கேக்குற கேள்வியா?"

"கூச்சப்படற நேரம் இல்ல. சொல்லுங்க."

அவள் நகரவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெள்ளையா. கோலமாவு பெசஞ்ச மாதிரி."

அவள் வேலைக்குப் போகவில்லை. முன்னமே பஸ் ஏறிப் போயிருந்த அன்பரசுவுக்கு போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில் மூவரும் காரில் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் ஞானசேகரன் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

"இது ஈரல். பித்தநீர் இங்க ஊறுது. இந்தச் சின்னப் பையில சேருது. நீங்க கொழுப்பா எதுனா சாப்ட்டா, அதக் கரைக்கிறதுக்காக இந்தப் பை சுருங்கிப் பித்தநீரச் சிறுகுடலுக்கு அனுப்பும். ஒங்க பை நெறையக் கல்லு. சுருங்கறப்ப கல்லு வாசல அடைச்சா வலி. கறி, எண்ண இல்லன்னா அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்."

"நாப்பது நாளு வலியே இல்லீங்களே?"

"என்ன சாப்ட்டீங்க?"

"மோரும் கஞ்சியும்."

"அதான். இப்ப ஒரு கல்லு வெளிய வந்து குழாய்ல மாட்டிக்கிச்சி. மலத்துக்கு நிறம் குடுக்கறதே பித்தநீர்தான். அது குடலுக்கு வரல, அதனால வெளுத்துப்போச்சி. வழியில்லாம ரத்தத்துல கலந்து, கிட்னி வழியா சிறுநீர்ல போவுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆபத்து. நல்ல வேளை, இந்தப் பொண்ணு சரியான கேள்வியக் கேட்டுச்சி."

வெண்மதி மருந்துச் சீட்டோடு வெளியே போகும்வரை ராஜமாணிக்கம் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "டாக்டர், சோத்துல எதையாவது கலந்து குடுத்தா, அது கல்லாயி வயித்துல ஒட்டிக்குமா?"

இந்தக் கேள்வி டாக்டருக்குப் புதிதில்லை போலிருந்தது.

"எரப்பைல சோறு நாலஞ்சு மணி நேரம்தான் இருக்கும். அங்க இருக்கிற அமிலம் அரைக்கும், அப்புறம் குடலுக்குத் தள்ளிடும். ஒடம்பு எடுத்துக்கிட்டது போவ மிச்சம் ரெண்டு மூணு நாள்ல வெளிய போயிடும். எரப்பை உள்தோலே சில நாளுக்கு ஒருதடவ புதுசாயிடுது. அதுல எது வருசக்கணக்கா ஒட்டிக்கினு நிக்கும்?"

"நான் கண்ணால பார்த்தேனே. ஒருத்தர் உறிஞ்சி எடுத்தாரு."

"தோல் கிழியாம வயித்துக்குள்ள இருக்கிறத எப்பிடி உறிஞ்சினாரு?"

ஏமாற்று எடை போட்ட எத்தனையோ பேரைப் பிடித்த ராஜமாணிக்கம், அந்த ஆளின் வாயைத் திறந்துகாட்டச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அறுவை முடிந்து மறுநாள் டாக்டர் ஒரு புட்டியைக் கொடுத்தார். உள்ளே ஏழு கற்கள். பெரியது கொண்டைக்கடலை அளவு.

"இது எப்ப வந்திருக்கும்?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"இந்த அளவுக்கு வளர அஞ்சாறு வருசமாவது ஆயிருக்கும்."

அஞ்சாறு வருடத்துக்கு முன்னால் வெண்மதி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விலாப் பக்கம் சொருகியிருந்த குழாயின் பையில் சேர்ந்த நீரை வெண்மதி தினமும் அளந்து எழுதினாள். ஐந்தாம் நாள் காலையில் அவர் சொன்னார்.

"நான் ஒன்ன தப்பா நெனச்சிட்டேன்மா."

"தெரியும் மாமா," என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "என் பையில இருந்த பொட்டலத்தப் பிரிச்சி மறுபடி மடிக்கத் தெரியல ஒங்களுக்கு. அது எங்கம்மா அரைச்ச மசாலா."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை. மகனும் மருமகளும் கடலூரில் பார்த்து வைத்திருந்த வீட்டுக்குப் புரட்டாசியில் போய்விட்டார்கள்.

தீபாவளி கழிந்த ஞாயிறு ராஜமாணிக்கம் அங்கே போனார். வெண்மதி வாழையிலை போட்டு, கொஞ்சமாக எண்ணெய் விட்ட மீன் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறுவதற்கு முன்னால் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் ஊற்றி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம்தான் அவர் இலைக்கு ஊற்றினாள்.

"இதெல்லாம் வேணாம்மா. நான் இப்ப அப்பிடி நெனைக்கல."

"நீங்க நெனைக்கல மாமா. நாளைக்கு ஒங்களுக்கு ஒரு தலவலி வந்தா? யாராவது எதுனா சொன்னா?"

அன்பரசு தலையைக் குனிந்துகொண்டான். ராஜமாணிக்கம் அவள் தட்டையும் தன் இலையையும் பார்த்தார். அவளை நம்பவைப்பதற்கு அவர் கையில் எதுவும் இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.