பவுலின் வீட்டு ஆடிட்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பவுலின் ஆன்ட்டியின் வீட்டுக்குக் கதவு எண் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. சத்தம் வரும் வீடு என்றால் போதும், ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் ஆறு பேர் அங்கே பகல் முழுக்கக் கத்தினார்கள், பாடினார்கள், ஒருவர் பொம்மையை ஒருவர் பிடுங்கினார்கள். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சாப்பாடு கேட்டார்கள். பவுலின் அவர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டதைவிடக் காதால் பார்த்துக்கொண்டதே அதிகம். சமையலறையில் ரசம் தாளித்தபடியே கூடத்தில் யார் யாரைக் கடிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு குரல் குறைந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவாள். குறைந்த குரல் பெரும்பாலும் அரிசி டிரம்முக்குள் இருக்கும். இல்லாவிட்டால் மூக்கில் பட்டாணியோடு இருக்கும்.

நகரத்தின் வேறொரு கோடியில், இப்படிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், ஒரு குழந்தைக்கு அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு எல்லா வீடுகளையும் நேரில் பார்ப்பது என்று குழந்தைகள் நல அலுவலகம் முடிவெடுத்தது. பார்த்து அனுமதி கொடுத்தால் நடத்தலாம். கொடுக்காவிட்டால் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வியாழக்கிழமை அதிகாரி வருவார் என்று போனில் செய்தி வந்த அன்றிரவு பவுலினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல வருஷமாக அவள் செய்த வேலை இது ஒன்றுதான். செய்யத் தெரிந்ததும் இது ஒன்றுதான்.

அவள் புருஷன் டென்சிலுக்கு அந்தச் செய்தி உயிர் கொடுத்தது. டென்சில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருப்பவர். ஓய்வு அவர் விருப்பம். வீட்டில் இருப்பது யார் விருப்பம் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஸ்டோர்ஸில் இருந்த காலம் முழுக்க அவர் ஆடிட் என்ற பெயரில் வரும் சோதனைகளைச் சமாளித்தவர். வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்தபோதும் அவர் ஷெல்ஃபில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"பவுலி, இது ஆடிட். ஆடிட்ல ரெண்டே விஷயம்தான்" என்றார். "தரையில ஒரு பொருள் இருக்கக் கூடாது. கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவ்ளோதான், நம்ம வீடு பாஸ்."

பொம்மைக் கூடைகள் பரணுக்குப் போயின. கைக்குழந்தையின் தூளி, தொங்கும் பொருள் என்ற குற்றத்துக்காகக் கொக்கியிலிருந்து இறக்கப்பட்டது. தெருமுனையில் இருக்கும் கிளெமென்ட்டின் பேக்கரியிலிருந்து தீயணைப்பு சிலிண்டர் ஒன்று இரவல் வந்தது. காய்கறிகளின் பெயரைக் கன்னடத்தில் சொல்லும் படம் ஒன்று சுவரில் ஏறியது. கடைசியாக டென்சில் மஞ்சள் டேப் ஒட்டினார். தொழிற்சாலையில் எந்த மிஷின் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுவார்களே, அந்த டேப். கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம்.

வியாழக்கிழமை காலை கைக்குழந்தையைப் பாயில் தூங்கவைத்துவிட்டு மற்றவர்களைக் கட்டத்துக்குள் உட்காரவைத்தார். மிஷின்கள் நின்ற இடத்தில் நிற்கும். பிள்ளைகள் நிற்கவில்லை. இரட்டையர்கள் கட்டம் மாற்றிக்கொண்டார்கள். நாலு வயது சிந்து டேப்பை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். மூன்று வயது ரித்விக் காரணம் ஏதும் இல்லாமல் ஊளையிட்டான். அவனுக்கு அது பிடிக்கும்.

டென்சில் முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தார். அவர் சொன்னது சமையலறைக்குக் கேட்டது. இப்போது ஒரு ஆபீஸ் அம்மா வருவாங்க. தோளில் பெரிய பை இருக்கும். யார் பேசுறாங்களோ, யார் அழுறாங்களோ அவங்களைப் பைக்குள்ள போட்டுக் கொண்டுபோயிடுவாங்க. அப்புறம் மம்மி வந்து தேடினாலும் கிடைக்க மாட்டீங்க.

பவுலின் கரண்டியோடு நின்று அதைக் கேட்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவள் சொல்லவிட்டதில்லை. ஆனால் தொட்டி இன்னும் கழுவவில்லை, ஜன்னல் துடைக்கவில்லை, மணி ஆகிக்கொண்டிருந்தது. கூடம் அடங்கியது. நல்லதாப் போச்சு என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கைகால் ஓடவில்லை. சத்தம் இல்லாததால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பழக்கத்தில் திரும்பத் திரும்ப வெளியே வந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அத்தனை பேரும் கட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். டென்சில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அதிகாரியின் பெயர் கோமளம். தலை நரைத்தவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். தமிழில் தொடங்கி நடுவில் கன்னடம் தொட்டு மறுபடி தமிழுக்கு வரும் இந்த ஊர்ப் பேச்சு. தோளில் பை இருந்தது. அதிகாரி என்றால் பை இருக்கத்தானே செய்யும். ஆனால் அந்தப் பை உள்ளே வந்ததும் ஐந்து ஜோடிக் கண்கள் அதன் மேலேயே நின்றதைப் பவுலின் பார்த்தாள்.

டென்சில் கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டினார். சிலிண்டர், தண்ணீர் ஃபில்டர், மருந்துப் பெட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கோமளம் பார்த்து, தலையை ஆட்டி, எழுதிக்கொண்டார். கேட்டதுக்கு மேல் டென்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு குறைவாகப் பேசியது அன்றுதான்.

பிறகு கோமளம் கூடத்துக்கு வந்து சிந்துவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நின் ஹெசரேனு? உன் பேரு என்னம்மா?"

தூங்கும்போதுதான் மூடும் வாய் சிந்துவுக்கு. அவள் பையைப் பார்த்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். இரட்டையர்களிடம் கேட்டார். ஒருவன் மற்றவன் கையைப் பிடித்துக்கொண்டதோடு சரி. கோமளம் ரித்விக்கின் பக்கம் திரும்பினார்.

ரித்விக் அழுதுகொண்டிருந்தான். எப்போது தொடங்கினான் என்று யாருக்கும் தெரியாது. கண்ணீர் தாடையிலிருந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடம் நனைந்து, ஈரம் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. வாயிலிருந்து சத்தமே இல்லை. பவுலின் ஓடிப்போய்த் தூக்கப் போனாள். அவன் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

கோமளம் பேனாவை மூடினார். டென்சிலைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். பவுலின் பையனைக் கழுவி, வேறு நிக்கர் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும்வரை உட்கார்ந்திருந்தார். இடுப்பிலும் அவன் கை வாயிலேயே இருந்தது.

"நெறைய வீடு பாத்திருக்கேன்மா" என்றார் மெதுவாக. "பசங்க அழுவாங்க, என்னைப் பாத்தா இன்னும் ஜாஸ்தி அழுவாங்க. சத்தமே வராம அழுற பிள்ளைய ரெண்டு மூணு எடத்துலதான் பாத்தேன். அங்கல்லாம் எனக்கு அப்புறம் போலீஸ் வந்தாங்க. இவன் எப்பவும் இப்படியா?"

"ஷை டைப், மேடம்" என்றது வாசலிலிருந்து டென்சிலின் குரல்.

கோமளம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பவுலினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் ஒருவேளை முடிந்துவிடும். காய்ச்சல் விட்ட உடம்பு என்று சொல்லலாம். புது முகத்தைக் கண்டால் இப்படித்தான் என்று சொல்லலாம். சொன்னால் ரித்விக் எப்போதும் சத்தமில்லாமல் அழுகிற பிள்ளை என்று ஆகிவிடும். அவன் நெஞ்சு தன் தோளில் விம்முவது பவுலினுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை.

"இல்ல மேடம். இவன் அழுதா நாலு வீட்டுக்குக் கேக்கும். நாங்கதான் பயமுறுத்தி வச்சிருக்கோம். பேசினா நீங்க பையில போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லியிருக்கு."

"யாரு சொன்னது?"

"சொன்னது அவரு. கேட்டுக்கிட்டு நின்னது நானு. வீடு கூட்டணும், பிள்ளைங்க சும்மா இருந்தா நல்லதுன்னு விட்டுட்டேன்."

கோமளம் பையை இழுத்து, திறந்து, சிந்துவின் முன்னால் வைத்தார். சிந்து எட்டிப்பார்த்தாள். டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில், பிரஷர் மாத்திரை அட்டை. ஒவ்வொன்றையும் விலக்கிவிட்டு அடிவரை பார்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் முழுமையாக நடந்த சோதனை அதுதான்.

"சின்ன பாப்பாவ வச்சா எடம் பத்தும்" என்றாள் கடைசியில், ரகசியமாக.

கோமளம் எழுந்துகொண்டார். தன்னால் இன்று கையெழுத்துப் போட முடியாது என்றார். நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன், மறுபடி வருவேன், சொல்லிவிட்டு வரமாட்டேன். அதுவரை பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் இப்படியே இருந்தால் வைத்துக்கொள்ள முடியாது.

"பேரன்ட்ஸ்க்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார் செருப்பை மாட்டியபடி. "என் வாயால அவங்க கேக்க பேடா, வேணாம்."

ஆடிட்டில் குறை வந்தால் அதை வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்லும் வழக்கம் கிடையாது என்று டென்சில் சொல்லிப் பார்த்தார். பவுலின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம் கேட்டருகே நின்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னாள். சிந்துவின் அம்மா வித்யாலட்சுமி, எங்கள் வீட்டில் பூச்சாண்டி பேரைச் சொல்லித்தான் சோறே ஊட்டுகிறோம், இதற்கா ஆன்ட்டி என்றார். இரட்டையர்களின் அப்பா ராஜேஷ்குமார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆபீஸுக்குப் பக்கத்தில் கேமரா வைத்த இடம் ஒன்றை ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இரட்டையர்கள் அடுத்த நாள் வரவில்லை. ரித்விக்கின் அம்மா வைஷ்ணவி பையனைத் தூக்கிக்கொண்டு ஒன்றுமே பேசாமல் போனாள். அன்று இரவு முழுக்கப் பவுலினுக்குக் காதில் விழுந்தது அந்தப் பேசாமைதான். காலையில் வைஷ்ணவி பையனைக் கொண்டுவந்து விட்டாள். நேற்று ராத்திரி கனவு கண்டு எழுந்தான் ஆன்ட்டி, அப்பவும் சத்தம் வரல, பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

டென்சில் டேப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கினார். சிந்துவுக்கு மத்தியானத்துக்குள் வாய் திரும்பி வந்துவிட்டது. பைக்குள் ஒரு பாம்பு இருந்ததாகவும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ரித்விக்குக்கு அப்படி வரவில்லை. கீழே விழுந்தால் முதலில் வாசலைப் பார்ப்பான். பிறகு கை வாய்க்குப் போகும். பவுலின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அழு கண்ணு, ஆன்ட்டி இருக்கேன், அழு என்பாள். டென்சில் அதைக் காண நேர்ந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். ஒருநாள் அவரே அவன் முன்னால் போய் உட்கார்ந்து, அங்கிள் பொய் சொன்னேன்டா ராஜா என்றார். ரித்விக் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். பாதிரியாரிடம் பாவ அறிக்கை செய்வது எவ்வளவோ சுலபம் என்று டென்சிலுக்கு அன்று தெரிந்தது.

கோமளம் மறுபடி வந்தது ஒரு மழை நாள், சாப்பாட்டு வேளை. தூளி தொங்கிக்கொண்டிருந்தது. தரை முழுக்கச் சோறு. சிந்து தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். குடையும் பையுமாக வாசலில் ஆள் நிற்பதை முதலில் பார்த்தது ரித்விக்.

தாடையில் தயிர்ச்சோறு, கை நிறைய தயிர்ச்சோறு. அந்தக் கை மேலே எழும்பியது. கை பாதியில் நின்றது. முகம் கோணியது. பிறகு அவன் வாயைத் திறந்து ஒரு அலறு அலறினான். எதிர் வீட்டு பிரிஜெட் வெளியே ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். ரித்விக் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அலறிக்கொண்டே ஓடிவந்து பவுலினின் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

உஸ் என்று சொல்ல டென்சிலின் உதடு குவிந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

பவுலின் பையனைத் தூக்கிக்கொண்டாள். சமாதானம் சொல்லவில்லை. வந்திருப்பவரை அவன் தூரத்திலிருந்தே நன்றாகப் பார்க்கும்படி நின்றாள். உள்ளே வாங்க மேடம் என்றாள், அழுகைக்கு மேல் குரலை உயர்த்தி.

"இருக்கட்டும். முடியட்டும்" என்று கோமளம் படியிலேயே நின்றுகொண்டார். "எவ்ளோ நேரம் அழுவான்?"

"தெரியாது மேடம். அவன் இஷ்டம்."

கோமளம் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து தாளை எடுத்து, நிலைக்கட்டையில் வைத்து எழுதினார். பவுலினின் கை இரண்டும் நிறைந்திருந்ததால் டென்சிலிடம் நீட்டினார். அனுமதி கொடுத்திருந்தது. வருஷத்துக்குள் இன்னொரு முறை சொல்லாமல் வருவேன் என்ற குறிப்பும் இருந்தது. டென்சில் முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் படித்தார், கேட்டதுக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் தெருமுனை திரும்பிப் போன பிறகும் ரித்விக் அழுதான்.