ருசி பார்த்தது கணக்கில் இல்லை

ஆஸ்பத்திரிக்குப் போகத் தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தை ஏறி இறங்குவதற்குள் காஜா பாய்க்கு ஒரு ரமலானே வந்து போய்விடும் போலிருந்தது. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று, நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த யானையைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அடுத்த பத்து. வண்டலூர் ஜூவிலிருந்து தப்பித்த யானை என்பார். சிரிக்கத்தான் மூச்சில்லை.

இதயக் குழாயில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்று பார்க்க டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதித் தந்திருந்தார். நாடித் துடிப்பு அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் படம் தெளிவாக விழுமாம். அதனால் முதல் நாளிலிருந்தே டீ, காபி கூடாது. காஜாவுக்கோ மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தும் தொண்ணூறு. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. இன்றும் தொண்ணூறு.

"டீ குடிச்சீங்களா பாய்?" என்றாள் ஸ்கேன் அறை நர்ஸ் எப்சி.

"அல்லா மேல சத்தியமா இல்லம்மா. ஒரு கிளாஸ் தொடல."

துணைக்கு வந்திருந்த மனைவி ஜஹீரா துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்தாள். "கடை தொறந்தீங்களா இல்லியா? அத்த சொல்லுங்க."

"தொறக்காம? நாலரைக்கே தொறந்தாச்சு."

"கேட்டுக்கோம்மா. டீக்கடை. ஒவ்வொரு தபா டிகாஷன் எறக்கறப்பவும் ஒரு மடக்கு வாயில ஊத்திக்கினுதான் அடுத்தவனுக்குக் குடுப்பாரு."

"அது ருசி பாக்கறதுடி! தொழிலு! அது எப்டி குடிச்ச கணக்காவும்?"

எப்சி பேனாவைக் கீழே வைத்தாள். "காலைலேர்ந்து எத்தன மடக்கு?"

காஜா விரல் விட்டு எண்ணினார். இரண்டு கையும் தீர்ந்து கால் பக்கம் குனிந்தபோது ஜஹீரா தலையில் அடித்துக்கொண்டாள். மடக்கு மடக்காகவே ஒரு செம்பரம்பாக்கம் ஏரியை உள்ளே இறக்கியிருந்தார் மனிதர்.

கடைச் சாவி அன்றே ஜஹீராவிடம் போனது. மறுநாள் ஷட்டர் ஏறவில்லை. மேற்குத் தாம்பரமே கொட்டாவி விட்டது. காஜா தலைவலியோடு பாயில் கிடந்தார். அதற்கடுத்த நாள் துடிப்பு அறுபத்திரண்டு. படம் விழுந்தது.

டாக்டர் திரையைக் காட்டினார். முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய் ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. "தொண்ணூறு சதவீதம் அடைப்பு பாய். மூணு தடவ திரும்பிப் போயும் நிக்கறீங்களே, அதுவே பெருசு. நாளைக்குக் காலைல மணிக்கட்டு வழியா ஸ்டென்ட் வெச்சுடலாம். இப்பவே அட்மிட் ஆயிடுங்க. துணிமணி எடுக்க யாராவது..."

காஜா அதற்குள் பரிசோதனைக் கட்டிலில் செருப்போடு சாய்ந்துவிட்டிருந்தார்.

"அவ எடுத்தாருவா சார். என்னிய இனிமே எழுந்திரிக்கச் சொல்லாதீங்க. இன்னொரு தபா அந்தப் பாலம் ஏற என்னால ஆவாது."

ஜஹீரா வாங்கி நீட்டிய அட்மிஷன் படிவத்தில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.