பனியனோடு சேர்த்துத் தைத்தது

எல்லப்பனைக் குளிப்பாட்டுவதற்காகப் பெஞ்சை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு கால் ஆடியது. முட்டுக்கொடுக்க ஓட்டுத்துண்டு தேடி நாலு பேர் நாலு பக்கம் குனிந்தார்கள். ஆளுக்கொரு வேலை இருந்தது. கிளியம்மாள் மட்டும் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, எதிரே மாட்டுக்கொட்டாய்க் கூரையில் செருகியிருந்த ஒரு பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பேப்பரில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய பொட்டலம். ஆஸ்பத்திரியில் பிணத்தை ஒப்படைத்தபோது போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. அவளுடைய நாத்தனார் புருஷன் தாண்டவராயன்தான் வேனிலிருந்து இறங்கியதும் அதைக் கூரையில் செருகினார். "துணிமணியெல்லாம் கூடவே வெச்சி எரிச்சிடலாம்" என்று யாரிடமோ சொன்னார். அந்தப் பேச்சைத்தான் அவள் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அது பிரிக்காமல் எரிந்துவிட்டால் போதும்.

தாலி கட்டியவன் வாசலில் கிடக்கும்போது ஒரு பொட்டலத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போனவன் போய்விட்டான். இருப்பவள் அதோ, சுவரோரம் குந்தியிருக்கிறாள். மகள் கங்காவுக்கு ஒன்பது வயது. நேற்று மத்தியானம் சேதி வந்ததிலிருந்து அவள் அழவில்லை, பேசவில்லை, ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

முழுப் பரீட்சை லீவு விட்டதும்தான் கிளியம்மாள் மகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். வேலிகாத்தான் முள்ளில் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வருவதும், "யம்மா, தெச்சிக் குடு" என்று நிற்பதும் ஓயாத கதையாகப் போய்விட்டது. கிழிக்கிறவளே தைக்கட்டும் என்று உட்காரவைத்துவிட்டாள். நூலை முழங்கை அளவுக்கு மேல் எடுக்காதே, சிக்கிக்கொள்ளும். நுனியை எச்சில் தொட்டு முறுக்கு. முடிச்சைத் துணிக்கு உள்பக்கம் மறை. முதல் நாள் கங்கா ஒரு தலையணை உறையை மடியில் போட்டுத் தைத்துவிட்டு எழுந்தபோது, உறையும் பாவாடையோடு சேர்ந்து எழுந்து வந்தது. எல்லப்பன் அதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாள் சிரித்தான். ஆனால் பெண் விடவில்லை. பத்து நாளில் ஒரு மஞ்சள் பையைத் தைத்து முடித்து, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தாள். வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்ததால் எல்லாத் தையலும் ரோஸ் கலரில் இருந்தது. பக்கத்து வீட்டு ஞானம்மா அதற்கு ஒரு வெல்லக்கட்டிகூடக் கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் கிளியம்மாள் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"ஒடம்புல கீற துணிய எப்பவும் தெக்கக்கூடாது. அவுத்து வெச்சிதான் தெக்கணும். பொணத்துக்குத்தான் மேல வெச்சி தெப்பாங்க."

"தெச்சா இன்னா ஆவும்?"

"போட்டுகினு கீறவங்களுக்கு ஆவாது. அவ்ளோதான். கேள்வி கேக்காத."

பூந்தமல்லிக்கு அந்தாண்டை ஒரு கம்பெனியில் எல்லப்பனை பர்மனென்ட் ஆக்கி, காக்கிச் சட்டை கொடுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தூங்கும்போதும் அதைக் கழற்ற மாட்டான் போலிருந்தது. நேற்றுக் காலையில் அதன் மார்புப் பொத்தான் தெறித்தது. பொத்தான் இல்லாமல் போனால் சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்திவிடுவான். கிளியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது, அவன் முகச்சவரத்துக்கு நிற்பவன் மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கங்கா முக்காலி மேல் ஏறி, அவன் மார்பில் மூக்கு உரச, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. குடத்தை இறக்காமலே சிரித்துவிட்டாள். போதாக்குறைக்குப் பொத்தான் சட்டையோடு நிற்காமல் உள்ளே இருந்த பனியனையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

"அடிப்பாவி, இத நான் எப்டிடி கயட்டுவேன்?" என்று இழுத்துப் பார்த்தான் எல்லப்பன். "சரி வுடு, வந்து பிரிச்சிக்கலாம். பஸ்ஸு பூடும்."

பஸ் பிடிக்கச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரவில்லை. மெயின் ரோட்டில் ஏறின இடத்திலேயே லாரி அடித்துவிட்டது.

ஊசியும் நூலும் போய் லாரியை இழுத்து வருமா என்று கேட்டால் கிளியம்மாளுக்குப் பதில் தெரியாது. ஆனால் ஊருக்குத் தெரியும். அப்பனை முழுங்கினவள் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு முன்னால் அந்தப் பெயர் வந்து வாசலில் நிற்கும். அதுகூடப் பெரிதில்லை. கங்காவே அதை நம்பிவிடுவாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கிளியம்மாள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

மணிமங்கலத்திலிருந்து தாயாரம்மாள் விடிகாலையிலேயே வந்துவிட்டாள். எல்லப்பனுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அழுது அழுது குரல் போய், இப்போது எழுந்து புருஷன் தாண்டவராயனிடம் வந்தாள்.

"இன்னாங்க, அவன் துணி எங்க?"

"அது எதுக்கு இப்ப? கூடவே எரிச்சிடலாம்."

"பாக்கெட்டுல பெருமாள் படம் வெச்சிருப்பான். சாமியயும் சேத்தா எரிப்பீங்க?"

கிளியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் எடுத்துத் தரேன், அண்ணி."

"நீ குந்து. உன்னால நிக்கவே முடியல."

பொட்டலம் இறங்கியது. சணல் அவிழவில்லை. தாயாரம்மாள் நகத்தால் நிமிண்டினாள். அந்தச் சணல் இறுகிப்போயிருக்கக் கூடாதா, அவள் சலித்துப்போய்த் தூக்கிப் போட்டுவிடக் கூடாதா என்று கிளியம்மாள் ஊரிலுள்ள தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டாள். சணல் அவிழ்ந்தது.

படம் பாக்கெட்டில்தான் இருந்தது. தாயாரம்மாள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சட்டையைத் தனியாக மடிக்க நினைத்து இழுத்தாள். பனியனும் கூடவே வந்தது. உதறினாள். ஆஸ்பத்திரியில் ரெண்டையும் முதுகுப்பக்கம் கத்தரித்திருந்தார்கள். மார்பில் மட்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. திருப்பிப் பார்த்தாள். காய்ந்த ரத்தத்துக்கு நடுவிலும் ரோஸ் நூல் தெரிந்தது.

"இன்னா இது, பனியனோட சேத்து தெச்சிகீது?"

ஞானம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "போட்டுகினு கீறப்போ தெச்சாதான் அப்டி ஆவும், தாயாரக்கா."

மஞ்சள் பையை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ரோஸ் தையலை மெச்சாதவர்கள் கிடையாது. ஒவ்வொரு தலையாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"கங்கா, இங்க வா" என்றாள் தாயாரம்மாள்.

கங்கா எழுந்தாள். அவள் உதடு பிரிந்தது.

"நான்தான் தெச்சேன், அண்ணி" என்றாள் கிளியம்மாள்.

"நீயா?"

"நான்தான். பொத்தான் தெறிச்சிட்ச்சி. பஸ்ஸுக்கு நேரமாய்ட்ச்சின்னு குதிச்சாரு. அப்டியே போட்டுட்டேன்."

"கோணமாணலா கீது. நீ தெக்கிறதா இது?"

"அவசரம் அண்ணி. கையி நெலயா நிக்கல."

"உனக்குத் தெரியாதாடி? ஒடம்பு மேல தெக்கக்கூடாதுன்னு தெரியாது உனக்கு?"

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தை மட்டும் தடுமாறாமல் வந்தது. அதில் பொய் இல்லை.

தாயாரம்மாள் கங்காவைப் பார்த்தாள். பிறகு கிளியம்மாளை வெகுநேரம் பார்த்தாள். "இந்த இடுப்புல தூக்கி வளத்தேனேடி. தெரிஞ்சேவா அவன தெச்சி அனுப்பன?" என்றாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது கிளியம்மாளுக்கு. காலையிலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானம்மாவின் கை சத்தமில்லாமல் விலகியது.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் நாமம் இட்டு எல்லப்பனைக் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டம் கட்டினார்கள். கிளியம்மாள் கிட்டே வந்தபோது வட்டத்தில் இடம் இருக்கவில்லை. நெருங்கி உட்கார்ந்திருந்த முதுகுகள் அசையவில்லை. கட்டினவனின் கால்மாட்டுக்குக்கூடப் போக முடியாமல் அவள் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். தெருவில் மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"கங்கா, வாடி என் கண்ணு. அத்தகிட்ட வா. அவகிட்ட போவாத." வட்டத்துக்குள்ளிருந்து தாயாரம்மாள் கையை நீட்டினாள்.

கங்கா வந்தாள். நீட்டிய கையைத் தாண்டி வந்தாள். அம்மாவுக்கு எதிரே குந்தி, பெரிய பொம்பளைகள் செய்கிற மாதிரியே ரெண்டு கையையும் அவள் தோள்மேல் போட்டு, நெற்றியோடு நெற்றி வைத்தாள். சின்ன உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. நேற்றிலிருந்து திறக்காத வாய் திறந்தது.

"நைனா... அவுத்துட்டுக் குடுன்னு சொன்னனே நைனா... நீதான பரவால்ல, தெய்யின்ன..."

மேளம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. கிளியம்மாள் அந்த முகத்தை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டாள். "ஐயோ, நான்தான தெச்சேன்... என் கையாலதான தெச்சேன்..." என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தினாள். வட்டத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பதான் அழுவ வருது பாரு அவளுக்கு" என்றாள் ஞானம்மா.

கிளியம்மாள் இன்னும் சத்தம் போட்டாள். மாராப்புக்குள் சூடாக, கங்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.