திருப்பி வைத்த காந்தம்

1

இது திருட்டுக் கதை. அக்கா போனில் புலம்பியதை அப்படியே சுருட்டிக்கொண்டேன். "எழுதினே, கொன்னுடுவேன்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

2

தொடக்கம்: 'ஆதி இருளில், காலம் கண்விழிக்கும் முன்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

மறுபடி: அக்கா ஆய்வுக்கூடத்தில் ஒரு தங்கத் தகட்டை லேசரால் சுட்டாள்.

பரவாயில்லை. சுட்டதும் தகட்டுக்குள் எலெக்ட்ரான்களும், அவற்றின் எதிர்ப்பொருளான பாசிட்ரான்களும் ஜோடி ஜோடியாகப் பிறந்து கற்றையாகப் பாயும். கருந்துளைகளின் அருகில் பீறிடுவதும் இதே சரக்குதானாம். அதை அறைக்குள் செய்து பார்க்கத்தான் அக்கா பத்து வருடமாக மல்லுக்கட்டுகிறாள். வெளியே வரும் கற்றையை ஒரு காந்தம் பிரிக்கும்: எலெக்ட்ரான் இடப்பக்கம், பாசிட்ரான் வலப்பக்கம். (அறிவியல் முடிந்தது. எழுந்து போனவர்கள் திரும்பி வரலாம்.)

3

அன்று பதிவான படத்தில் வலப்பக்கம் பளிச்சென்று பெரிய பொட்டு. இடப்பக்கம் மங்கலாய் ஒரு தீற்றல்.

அக்காவின் மேலதிகாரி எதைப் பேசினாலும் பேரண்டத்தில் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பட்டப்பெயரே பேரண்டம். "இவ்வளவு எதிர்ப்பொருளா! யாரும் பாத்ததில்லம்மா!" என்று குதித்தவர், மாடிக் கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்.

4

அக்கா கண்ணீர் மல்க... ("நான் எங்கடா அழுதேன்?" சரி, வெட்டிவிட்டேன்.)

கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜோடியாகப் பிறப்பதில் ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு கூடும்? ஓடிப்போய்ப் பார்த்தாள். காந்தம் பின்பக்கம் முன்னாக நின்றது. காலையில் துடைத்து வைத்தவள் அவளேதான்.

அப்படியானால் பெரிய பொட்டு வெறும் எலெக்ட்ரான்; தங்கத்தில் ஏற்கெனவே இருந்தவையும் லேசர் அடியில் சேர்ந்து வந்த கூட்டம்.

இந்த இடத்தில் அக்காவை நான் நம்பவில்லை. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என்னை மாட்டிவிட்டவள் அவள். கமுக்கமாகக் காந்தத்தைத் திருப்பியிருப்பாள் என்றே எழுதினேன். படித்துக் காட்டியதும், "அப்படித்தான் நெனச்சேன். கையும் வச்சேன்" என்றாள். "அப்புறம்?" "எடுத்துட்டேன்."

5

மாடிக்குப் போனாள். பெரிய திரையில் அதே படம். முப்பது முகங்கள் திரும்பின.

"சார், காலையில காந்தத்தை முன்பின்னா திருப்பி வச்சிட்டேன். நான்தான். அந்தப் பெரிய பொட்டு எதிர்ப்பொருள் இல்ல."

"அப்போ நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு சார். இந்தப் பக்கம் அழுக்கு மாதிரி தெரியுதே, அதுதான்."

6

முடிவு ஒன்று: பேரண்டம் எரிந்து விழுகிறார்.

முடிவு இரண்டு: கூடமே கைதட்டுகி (சீ, எனக்கே கூசுகிறது.)

நடந்தது இவ்வளவுதான்: அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கும் தூரத்துக்குப் போய், நகத்தளவு தீற்றலை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் ஒன்று சொன்னார்.

"என்ன சொன்னார்?"

"அது எனக்குச் சொன்னது" என்று போனை வைத்துவிட்டாள்.

நானும் நாலு வசனம் எழுதிப் பார்த்தேன். நாலிலும் என் குரல்தான் கேட்கிறது. நீங்கள் முயன்று பாருங்கள். அவர் திரும்புகிறார், வாயைத் திறக்கிறார்: