ஐம்பத்தொரு வீதம்

...அப்படியென்றால் மிச்ச நாற்பத்தொன்பது வீதம் எங்கே போகும் என்று அன்றைக்கே வக்கீலிடம் கேட்டிருக்கலாம், இம்மாகுலேற் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். கொலை வழக்கில்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டுமாம், குடும்ப நீதிமன்றத்தில் அப்படியில்லை, நடந்திருக்கும், நடந்திருக்காது என்ற இரண்டில் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறதோ அதுவே நடந்ததாகிவிடும், நூற்றுக்கு ஐம்பத்தொரு வீதம் போதும். மூன்று மாதக் குழந்தையின் இடது தொடை எலும்பு தானாக முறியாது, எலும்பில் நோய் எதுவும் இல்லை, யாரோ முறுக்கியிருக்கிறார்கள், வீட்டில் இருந்தது தாயும் தகப்பனும் மட்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரில் யார் என்று நீதிபதியால் சொல்ல முடியாமல் போனால் இரண்டு பேர் மேலும் சந்தேகம் நிற்கும், பிள்ளை நிமலன் இரண்டு பேருக்கும் இல்லாமலே போகலாம்... இப்போது அவனுக்குப் பதின்மூன்று மாதம். கவுன்சில் கொண்டுபோய் விட்ட வளர்ப்புத் தாயின் வீட்டில் நடக்கத் தொடங்கிவிட்டானாம். முதல் அடியை எந்தக் கிழமை வைத்தான்? சந்திப்பு நேரத்தில் அதைக் கேட்டால், மூலையில் இருந்து கண்காணிக்கும் கவுன்சில்காரி கொப்பியில் அதை என்னவென்று எழுதுவாள்?

மணி ஒன்றரை. சாப்பாட்டு இடைவேளை. நீதிமன்றத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் புருசன் தவராசா தன் வக்கீலோடு நின்றான், இவளுக்கு வேறு வக்கீல், அவனுக்கு வேறு வக்கீல், காலையில் நோர்பரி ஸ்டேஷனில் ஒன்றாகத்தான் ரயில் ஏறினார்கள், ஒன்றாகவே வீட்டுக்கும் போவார்கள், போய் என்ன பேசுவது? அவன் சைவம், இவள் வேதம், மாதா கோயில்காரி, கலியாணத்தோடு இரண்டு பக்கமும் கைவிட்டது, லண்டனில் அவனுக்கு இவளும் இவளுக்கு அவனும்தான் என்று இருந்த வீட்டில் பத்து மாதமாக ரீவி மட்டும் பேசுகிறது. தொட்டிலை மடித்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தது யார், அவனா, இவளா... அதைக்கூட இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மொழிபெயர்க்க வந்த கோதை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தமிழ்நாட்டுப் பெண், கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறாள், நான்கு நாளாக இம்மாகுலேற்றின் வாயாக இருந்தவள். சாண்ட்விச்சில் பாதியை நீட்டினாள், வேண்டாமென்றதும் அதை மடித்துக்கொண்டே, "நேத்து ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது ராத்திரி பூரா மனசுல ஓடிட்டே இருந்துச்சு. 'பிள்ளை குழறினவன்'னு. வாய் குழறினா பேச்சு தெளிவா வராதுல்ல, அதனால குழந்தை ஏதோ முனகினான்னு இங்கிலீஷ்ல சொன்னேன். சரிதானே?" என்றாள்.

சரி என்றால் அது அப்படியே முடிந்துவிடும். எலும்பு முறிந்த கணத்தில் குழந்தை வீரிட்டுக் கத்தியிருக்கும், பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும் என்று டொக்டர் சொன்னது இவள் காதில் இன்னும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு இவள் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள், அறையில் தவராசா நாப்பி மாற்றிக்கொண்டிருந்தான், அப்போதுதான் நிமலன் குழறினான், இவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடியபோது அவன் தகப்பனின் தோளில் விக்கிக்கொண்டிருந்தான், ஒண்டுமில்லை, பசிக்குது போல என்று தவராசா சொன்னான், அடுத்த நாள் காலையில் கால் அசையவில்லை. நேற்று சாட்சிக் கூண்டில் அதைச் சொல்லி முடித்ததும், சொல்லிவிட்டேன், இனி நீதிபதி பாடு, கடவுள் பாடு என்று நினைத்தாள், ஆனால் நீதிபதியிடம் போய்ச் சேர்ந்தது ஒரு முனகல்... பிறகு ஏன் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை என்று இப்போதுதான் விளங்கியது. பிழை இவளுடையதில்லை. பேசாமல் இருந்தால் பொய்யும் இல்லை. பேசினால் தவராசா முடிந்தான், நிமலன் ஒருவேளை இவளிடம் வருவான். ஒருவேளை... அந்த ஒருவேளைக்காகக் கட்டிய மனிசனைத் தூக்கிக் கொடுப்பதா? அல்லது மனிசனுக்காகப் பிள்ளையையா?

"இல்லை அக்கா" என்று தன் குரல் சொல்வது கேட்டது. "முனகேல்லை. வீடு அதிரக் கத்தினவன். எங்கட பக்கம் குழறுறதெண்டால் அதுதான்."

கோதையின் கை அப்படியே நின்றது. "இத நான் வக்கீல்கிட்ட சொல்லியே ஆகணும்ங்க. தெரியும்ல?"

"ஓம். சொல்லுங்கோ."

அதன்பிறகு எல்லாம் தள்ளி நடந்தது, கோதை எழுந்து போனாள், இவளுடைய வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கேட்டாள், பிறகு அந்தக் கோடிக்குப் போனாள், அங்கே தவராசாவின் வக்கீல் குனிந்து அவன் காதில் சொன்னார். தவராசா திரும்பிப் பார்த்தான். நடந்து வந்து, கோதை இருந்த கதிரையில் உட்கார்ந்தான். அவனுடைய கோட்டில் வேலை செய்யும் பேக்கரியின் மணம். ஏசுவான் என்று நினைத்தாள். ஏசினால் நல்லது, பத்து மாதத்தில் ஒரு சத்தமாவது.

"நீர் சொன்னது சரிதான். குழறினவன்தான்" என்றான், முன்சுவரைப் பார்த்தபடி. "அண்டைக்கு மத்தியானம் நீர் குளிப்பாட்டேக்கையும் அவன் அப்பிடித்தான் குழறினவன். நான் கேட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பழி வாங்குகிறானா? குரலில் கோபம் இல்லையே... அன்றைக்குக் குளிப்பாட்டினாளா? குளிப்பாட்டினாள், ஞாயிற்றுக்கிழமை, முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்தது தெரிகிறது, மஞ்சள் துவாய் தெரிகிறது, சவர்க்காரம் பட்ட வழுவழுப்பான கால்கள் தெரிகின்றன, அவனுடைய வாய் திறந்திருப்பதுகூடத் தெரிகிறது, ஆனால் சத்தம்... சத்தம் வரவில்லை. அவன் தினமும் அழுவான், தினமும் அழுகிற பிள்ளையின் எந்த அழுகையை யார் எண்ணி வைத்தார்கள்? உள்ளே வரச் சொல்லிப் பெயர் கூப்பிட்டார்கள். தவராசா எழுந்தான், இவளுக்கு வழி விட்டு நின்றான், இந்த மனிசன் பத்து மாதமாக ஒவ்வொரு நாளும் எதிரே இருந்து சாப்பிட்டது இவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டுதான் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது.